90 வீதம் என்று காட்டினாலும் பொனட்டைத் திறந்து பாருங்கள்

போன வருடம் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினேன். திரையில் ஒயில் ஆயுள் 90 வீதம் என்று காட்டியது. விற்றவரும் "இப்பதான் சேர்விஸ் பண்ணினது" என்றார். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு மூன்று தடவை போய் வந்திருப்பேன். தலவாக்கலை தாண்டி ஏறும்போது ஒரு வளைவில் சிவப்பு ஒயில் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. ஓரமாக நிறுத்தி, கொஞ்ச நேரம் பொறுத்து ஒயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்தேன். நுனியில் மட்டும் ஒட்டியிருந்தது, அதுவும் தார் மாதிரி. ஊருக்குக் கட்டி இழுத்து வந்து கராஜில் விட்டபோது பாஸ் விரலில் தொட்டுப் பார்த்தார். "தம்பி, இதுல ஒயில் மாத்தவே இல்ல. பட்டன அமுக்கி நம்பர மட்டும் மாத்தியிருக்காங்க" என்றார்.

எஞ்சின் தப்பியது. அன்றைக்கு நான் செய்த தவறைத்தான் நம் பக்கத்தில் நிறையப் பேர் இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள்: அந்த வீதத்தை ஒயிலைப் பரிசோதித்துச் சொல்லும் முடிவு என்று எடுத்துக்கொள்வது.

விலை கூடிய சில ஐரோப்பிய வண்டிகளில் ஒயிலையே அளக்கும் சென்சர் உண்டு. மற்றபடி பெரும்பாலான வண்டிகளில் இந்தக் காட்டி ஒயிலைத் தொடுவதே இல்லை. அது ஒரு கணக்குப்பிள்ளை. 1980களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்த முறையைக் கொண்டு வந்தபோது வைத்த அடிப்படை இதுதான்: புது ஒயில் ஊற்றியதும் எஞ்சின் இத்தனை சுற்று சுற்றலாம் என்று ஒரு தொகையை வைப்பது, எஞ்சின் சுற்றச் சுற்ற அதிலிருந்து கழிப்பது. இதமான சூட்டில் ஓடினால் சாதாரணக் கழிவு. மிகவும் சூடாக ஓடினாலும், சூடேறாமலேயே ஓடி நின்றாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதலாகக் கழியும். மிஞ்சியதைத்தான் வீதமாகக் காட்டுகிறது.

இரண்டு பக்கமும் ஏன் கூடுதலாகக் கழிகிறது என்பது மலையில் ஓட்டுகிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அதிக சூட்டில் ஒயில் காற்றோடு சேர்ந்து ஒக்சியேற்றமடைந்து தடிக்கிறது, அதில் கலந்திருக்கும் பாதுகாப்பு இரசாயனங்கள் தீர்ந்துபோகின்றன. குளிரில் வேறு கதை. பெற்றோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியே போய்விடும். சூடேறுவதற்குள் நிறுத்திவிட்டால் அது உள்ளேயே தண்ணீராகப் படியும், எரியாத பெற்றோலும் கொஞ்சம் வழிந்து ஒயிலோடு கலக்கும்.

நம் ஊரில் இரண்டும் நடக்கிறது. கண்டி கிட்டத்தட்ட 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். கம்பளை, புசல்லாவ, றம்பொட என்று அந்த ரோட்டில் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறும் வண்டியின் எஞ்சின் என்ன பாடுபடும் என்று அதில் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே நுவரெலியாவில், தை மாதத்துப் பனியில், லயத்திலிருந்து டவுன் பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றர் ஓட்டிப் போய் பிற்பகல் வரை நிறுத்தி வைக்கும் ஆசிரியரின் சின்னக் காரும் ஒயிலைக் கெடுக்கிறது. அவர் நினைப்பார், "நான் என்ன பெரிதாக ஓடுகிறேன், மாதம் 150 கிலோமீற்றர்தானே" என்று. ஒயிலுக்கு அதுதான் மோசமான ஓட்டம்.

அப்படி ஓடும் கார் உங்களுடையது என்றால் காலையில் ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, கடைந்த வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால் அது ஈரமும் ஒயிலும் கலந்தது. மூடியில் மட்டும் மெல்லியதாக இருந்தால் பதற வேண்டாம், வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் நன்றாகச் சூடேற ஓட்டுங்கள், ஒயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள். டிப்ஸ்டிக்கிலேயே பால் தேநீர் நிறத்தில் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டு போனால் அது வேறு நோய். எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவிலிருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கெட் பக்கம் பார்க்க வேண்டும், அன்றைக்கே.

அடுத்த தவறு, எல்லா வண்டியிலும் ஒரே மாதிரிக் கணக்குத்தான் ஓடுகிறது என்று நினைப்பது. நம் ரோட்டில் ஓடும் பல ஜப்பான் வண்டிகளில் ஸ்பேனர் படம் எரிவதற்குக் காரணம் வெறும் கிலோமீற்றர் எண்ணிக்கைதான். 5,000 என்று வைத்தால் 5,000ல் எரியும். நீங்கள் கொழும்பு நெடுஞ்சாலையில் ஓடினீர்களா, பொகவந்தலாவைத் தோட்டத்து ரோட்டில் ஓடினீர்களா என்பது அதற்குத் தெரியாது. போதாததற்கு அறிவிப்பு ஜப்பானிய எழுத்தில் வரும், நாமும் என்னவோ வருகிறது என்று பட்டனை அமுக்கி அனுப்பிவிடுவோம். அந்தத் திரையைப் போனில் படம் எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். தயவுசெய்து ஒரு தடவை செய்யுங்கள்.

உங்கள் வண்டி எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒயில் மாற்றி ரீசெட் செய்த, அதாவது காட்டியை மறுபடி 100க்குக் கொண்டுவந்த நாளின் கிலோமீற்றரைக் குறித்து வையுங்கள். 50 வீதத்துக்கு வரும்போது மறுபடி குறியுங்கள். அடுத்த தடவையும் அப்படியே. ஒவ்வொரு முறையும் அச்சொட்டாக அதே தூரத்தில் 50 வந்தால் அது தூரத்தை மட்டும் எண்ணுகிறது. மலையில் சுற்றிய மாதங்களில் வேகமாக இறங்கி, கீழ்நாட்டுக்குப் போய்வந்த மாதங்களில் மெதுவாக இறங்கினால், அது ஓட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. இந்த இரண்டாம் வகை 4,000 கிலோமீற்றரிலேயே மாற்றச் சொன்னால் "மீட்டர் பழுது" என்று முடிவு கட்டாதீர்கள். அது நம் ரோட்டைப் புரிந்துகொண்டிருக்கிறது.

முதல் வகை என்றால் எப்போது மாற்றுவது? இங்கே ஜப்பான் தயாரிப்பாளர்களே நமக்கு உதவி செய்திருக்கிறார்கள். பராமரிப்பு அட்டவணையில் சாதாரண ஓட்டம், கடும் ஓட்டம் என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். டர்போ இல்லாத பெற்றோல் கார்களுக்கு டொயோட்டா ஜப்பானில் சொல்வது சாதாரண ஓட்டத்துக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம், கடும் ஓட்டத்துக்கு அதில் பாதி: 7,500 அல்லது 6 மாதம். எது கடும் ஓட்டம் என்று கேட்டால் கரடுமுரடான ரோடு, திரும்பத் திரும்பக் குறுகிய தூர ஓட்டம், அப்புறம் அடிக்கடி ஏற்ற இறக்கமுள்ள மலைப்பாதை. நம் வாழ்க்கையைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது. ஆகவே, போத்தலில் 10,000 கிலோமீற்றர் என்று போட்டிருப்பதை நுவரெலியா மாவட்டத்தில் ஓடும் ஒருவர் நம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. முழு சிந்தெடிக் என்றால் கைநூலில் கடும் ஓட்டத்துக்குச் சொன்ன அளவு. மினரல் ஒயில் என்றால் 5,000 அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. மறுபக்கம், நல்ல முழு சிந்தெடிக்கை ஊற்றிவிட்டு 2,500ல் கழற்றிக் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்றைய ஒயில் விலையில் அது பாவம்.

மாதக் கணக்கை விட்டுவிடுவதும் நடக்கிறது. 2022ல் பெற்றோல் வரிசை நீண்ட நாட்களில் எத்தனையோ வண்டிகள் மாதக்கணக்கில் வாசலில் நின்றன. கிலோமீற்றர் ஓடவில்லை, ஆகவே ஒயில் புதுசு என்று அதையே வைத்து ஓட்டத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். ஈரக் காற்றில் நின்ற எஞ்சினுக்குள் இருக்கும் ஒயிலுக்கும் வயது ஏறும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்றியே ஆக வேண்டும்.

இனி, உயிர் போகிற விஷயம். ஒயில் ஆயுள் வேறு, ஒயில் அளவு வேறு. ஆயுள் 70 வீதம் என்றால் எஞ்சினுக்குள் 70 வீதம் ஒயில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கசிந்து போனாலும், பழைய எஞ்சின் எரித்துக் குடித்தாலும் அந்த எண் அசையாது. 2020 பங்குனியில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025ல்தான் மறுபடி திறந்தது. ஆகவே நம் ரோட்டில் ஓடுபவற்றில் பல வயதான வண்டிகள், ஒயில் குடிக்கும் பழக்கமுள்ளவையும் அவற்றில் உண்டு. அப்படி அளவு குறைந்த நிலையில் கொண்டை ஊசி வளைவில் திரும்பினால் எஞ்சினின் அடித்தொட்டியான சம்பிலிருக்கும் மிச்ச ஒயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், ஒயில் பம்பு காற்றை உறிஞ்சும். சிவப்பில் எரியும் அந்த எண்ணெய்க் குடுவைப் படம் அதைத்தான் சொல்கிறது. அது சேர்விஸ் ஞாபகமூட்டல் இல்லை. "அடுத்த டவுன் வரைக்கும் போயிடலாம்" என்று நினைக்காதீர்கள். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி உடனே எஞ்சினை அணையுங்கள். ஒயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பேரிங்குகளைத் தின்கிறது.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை டிப்ஸ்டிக் பார்த்தால் இந்த நிலை வராது. அதிலும் மலைநாட்டில் ஒரு சிக்கல், சமதரை கிடைப்பதில்லை. லயத்து வாசலில் சரிவாக நிற்கும் காரில் பார்த்தால் கம்பி பொய் சொல்லும். மூக்கு மேலே நின்றால் ஒரு அளவு, கீழே நின்றால் வேறொரு அளவு. நான் பெற்றோல் அடிக்கப் போகும் இடத்தின் முன்தளத்தில்தான் எப்போதும் பார்ப்பேன், கோயில் முற்றமும் நல்லது. எஞ்சினை அணைத்து ஐந்து, பத்து நிமிடம் விட்டு, கம்பியை ஒரு தடவை துடைத்து, மறுபடி முழுதாக இறக்கி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் இருந்தால் சரி. மேல் குறியைத் தாண்டவும் கூடாது, கூடினால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அடித்து ஒயில் நுரைக்கும். நீங்கள் ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தால் பெற்றோலோ டீசலோ தண்ணீரோ கலக்கிறது என்று அர்த்தம். புது டீசல் வண்டிகளில் சின்னச் சின்ன ஓட்டங்களால் இது வரும்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டீசல் எஞ்சினில் புது ஒயிலும் கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடும். அழுக்கைத் தன்னோடு பிடித்து வைப்பதும் அதன் வேலைதான்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் தடித்த ஒயில் போட்டால் எஞ்சினுக்கு நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்த எஞ்சின்கள் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஒயிலுக்காகவே வடிவமைத்தவை. ரோட்டில் நின்று நின்று எஞ்சின் எழும்பும், அதுவும் அரைச் சூட்டில். ஹப்புத்தளைக் குளிரில் தடித்த ஒயில் மேலே ஏறுவதற்குள் உலோகம் உலோகத்தோடு உரசும். எந்த ஒயில் என்பதைக் கைநூலில் பாருங்கள், பெரும்பாலும் ஒயில் மூடியிலேயே எழுதியிருக்கும். காட்டிக்கோ நீங்கள் எதை ஊற்றினீர்கள் என்பது தெரியாது. மலிவான போலி ஒயிலை ஊற்றிவிட்டு ரீசெட் செய்தாலும் 100 என்றுதான் காட்டும். சீல் உடையாத போத்தலை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

ஒயிலை வடிக்கும்போதும் சமதரைதான். வடிக்கும் போல்ட் மேட்டுப் பக்கம் இருக்குமாறு சரிவில் நிறுத்தினால் பழைய ஒயிலில் ஒரு பங்கு உள்ளேயே தங்கி, புதுசோடு கலந்துவிடும். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது வடியுங்கள். ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள், அதை ஒரு தடவை விட்டு ஒரு தடவை மாற்றுவது நம்மவர்களின் வீண் சிக்கனம். வடித்ததைக் கானில் ஊற்றாதீர்கள். தோட்டத்துக் கானெல்லாம் ஓடைக்குப் போகிறது, ஓடை கொத்மலை ஓயாவுக்கோ மஸ்கெலியா ஓயாவுக்கோ போகிறது, கீழே யாரோ அதைக் குடிக்கிறார்கள். ஒரு பழைய கேனில் பிடித்து கராஜில் கொடுங்கள்.

கடைசியாக ரீசெட். ஒயில் மாற்றிய பிறகு, வண்டியை எடுக்கும் முன், நீங்களே நின்று செய்விக்க வேண்டியது அது. மறந்தால் பழைய கணக்கே தொடரும். ஒயில் மாற்றாமல் ரீசெட் செய்தால் எனக்கு நடந்ததுதான் நடக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் திரையில் என்ன எண் இருந்தாலும் வாங்கிய வாரமே ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றி, தேதியையும் கிலோமீற்றரையும் ஒரு சின்னத் துண்டில் எழுதிப் பொனட்டின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். என் காரில் இப்போது அப்படி ஐந்து துண்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன.