கரூர் டவலை ஸ்வீடனில் விற்பது எப்படி? நார்டிக் நாடுகளுக்கு இணையக் கடையை விரிக்கும் செய்முறை

எங்கள் கடையிலிருந்து ஸ்வீடனுக்குப் போன முதல் பார்சல் இரண்டு மாதம் கழித்துக் கரூருக்கே திரும்பி வந்தது. உள்ளே ஆறு கிச்சன் டவல். வாங்கியவர் உப்சாலாவில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை. எங்கள் தளத்தில் போட்டிருந்த விலையை முழுதாகக் கட்டியிருந்தார். பார்சல் அங்கே இறங்கியதும், வரியும் அதை வசூலிப்பதற்கான கட்டணமும் கட்டச் சொல்லி அவருக்குக் குறுஞ்செய்தி போயிருக்கிறது. "நான்தான் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேனே" என்று ஒரே வரியில் எங்களுக்கு எழுதிவிட்டு, எடுக்காமலே விட்டுவிட்டார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. விலையைப் பாதி மட்டும் சொன்னது நாங்கள்தான்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே விதி: திரையில் காட்டிய விலைக்கு மேல், ஸ்வீடன் நாணயத்தில் ஒரு குரோனாகூட வாசலில் கேட்கக் கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த விதியிலிருந்து வந்தவை. உங்களிடம் ஏற்கெனவே ஓர் இணையக் கடை, ஐஇசி எண் (ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு எண்), ஜிஎஸ்டி பதிவு, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்யூடி எல்லாம் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: ஒரே ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

நார்டிக் என்றால் ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சந்தை போலத் தெரியும். கடைக்காரருக்கு அவை ஐந்து தனித்தனிச் சந்தைகள். முதல் மூன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கின்றன. நார்வேயும் ஐஸ்லாந்தும் அதில் இல்லை, அவற்றின் சுங்கமும் வரியும் தனி. யூரோ புழங்குவது பின்லாந்தில் மட்டும். மற்ற நான்கிலும் அவரவர் குரோனா, குரோனே.

என் யோசனை, ஸ்வீடனில் தொடங்குங்கள். சுமார் ஒரு கோடியே ஐந்து லட்சம் பேர் வாழும் நாடு, ஐந்தில் பெரியது. அங்கே கற்றதில் பாதி டென்மார்க்குக்கும் பின்லாந்துக்கும் அப்படியே உதவும். அடுத்து நார்வே. நான்கு லட்சம் பேர் மட்டுமே உள்ள ஐஸ்லாந்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

தளத்தின் முகவரிப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். பின்லாந்தைச் சேர்ந்த ஓலாந்து தீவுகள் ஒன்றியத்தின் வாட் வரி எல்லைக்கு வெளியே உள்ளவை. டென்மார்க் அரசின் கீழ் வரும் பாரோ தீவுகளும் கிரீன்லாந்தும் ஒன்றியத்திலேயே இல்லை. தொடக்கத்தில் இந்த மூன்றையும் நீக்கிவிடுங்கள்.

படி 2: அவர்கள் கட்டிலை அளந்துவிட்டு நெய்யுங்கள்

இங்கே டபுள் பெட்ஷீட் விற்ற பழக்கத்தோடு போனால் சரக்கு தேங்கும். அந்த நாடுகளில் கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில் படுத்தாலும் ஆளுக்கொரு மெத்தைப் போர்வை போர்த்துவது வழக்கம். அதனால் அதிகம் போவது ஒற்றை ஆள் டூவே கவர்தான், அதாவது அந்தப் போர்வையின் உறை. அதன் அளவும் நாட்டுக்கு நாடு மாறும். ஸ்வீடனில் 150×210 செ.மீ., தலையணை 50×60. நார்வேயில் 140×200, தலையணை 50×70. டென்மார்க்கில் 140×200 அல்லது 140×220, தலையணை 60×63. டேனிஷ் தலையணையை ஸ்வீடனுக்குத் தைத்த உறைக்குள் திணிக்க முடியாது.

அளவுச் சிக்கலே வேண்டாம் என்பவர்கள் கிச்சன் டவல், ஏப்ரன், டேபிள் கிளாத்தில் தொடங்கலாம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

படி 3: வரியை விலைக்குள் கொண்டுவாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பெரும்பாலான சிறு கடைகள் தடுக்கி விழுவது இங்கேதான்.

வாட் விகிதம் ஸ்வீடன், டென்மார்க், நார்வே மூன்றிலும் 25 சதவீதம். பின்லாந்து 2024 செப்டம்பர் 1 முதல் 25.5 சதவீதம் ஆக்கிவிட்டது. ஐஸ்லாந்தில் 24. வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவருக்குக் காட்டும் விலை வரி சேர்ந்ததாகவே இருக்க வேண்டும். கணக்கு எளிது. ஸ்வீடனில் 400 குரோனா என்று விலை போட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 80 குரோனா, அரசுக்கு. உங்கள் கையில் நிற்பது 320. தபால் செலவைத் தனியாக வசூலித்தாலும் அதற்கும் வரி உண்டு.

அந்த 80 குரோனாவை யார், எப்படிக் கட்டுவது? ஒன்றிய நாடுகளுக்கு 2021 ஜூலை 1 முதல் ஐஓஎஸ்எஸ் என்ற முறை இருக்கிறது. சரக்கின் மதிப்பு 150 யூரோவுக்குள் இருந்தால், விற்கும்போதே வரியை வாங்கி, மாதம் ஒருமுறை மொத்தமாகக் கட்டலாம். ஒரே நாட்டில் பதிந்தால் 27 நாடுகளுக்கும் செல்லும். இந்தியாவில் இருக்கும் நாம் நேரடியாகப் பதிய முடியாது. ஒன்றியத்துக்குள் இருக்கும் ஒரு முகவர் நம் சார்பில் பதிந்து கணக்குக் கொடுக்க வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. கிடைத்த எண்ணை கூரியர் நிறுவனத்துக்கு மின்னணுத் தரவில் மட்டும் கொடுங்கள். பெட்டியின் மேல் அச்சடித்தால் வேறு யாரோ அதைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

அந்தக் கட்டணம் இப்போது கட்டுப்படியாகாது என்றால், பெரிய சந்தைத் தளம் ஒன்றின் வழியே விற்றுப் பழகுங்கள். அப்படி விற்கும் சிறு பார்சல்களுக்கு வாட் வசூலித்துக் கட்டும் பொறுப்பு சட்டப்படி அந்தத் தளத்துடையது. அமேசான் 2020 அக்டோபரிலிருந்து ஸ்வீடனில் தனித் தளம் நடத்துகிறது.

சுங்கத்திலும் ஒரு மாற்றம். 150 யூரோவுக்குக் கீழ் இருந்த தீர்வை விலக்குக்குப் பதிலாக, 2026 ஜூலை 1 முதல் பார்சலில் உள்ள ஒவ்வொரு பொருள் வகைக்கும் 3 யூரோ வசூலிக்க ஒன்றிய நாடுகள் 2025 டிசம்பரில் முடிவெடுத்தன. ஒரே வகை டவல் ஆறு போனால் 3 யூரோ. அதோடு ஓர் ஏப்ரன் சேர்ந்தால் 6 யூரோ. ஆகவே கலவையான பரிசுப் பெட்டியைவிட ஒரே பொருளின் செட் லாபம் தரும். செட்டைக் கட்டும் முன் இதை விலையில் சேருங்கள்.

நார்வேக்கு, விற்கும்போதே வாட் வாங்கிக் கட்டும் விஓஇசி என்ற தனி முறை, 2020 ஏப்ரல் முதல். ஒரு பொருளின் மதிப்பு 3,000 குரோனேக்குள் இருந்தால் செல்லும். இதற்கு முகவர் தேவையில்லை, நீங்களே இணையத்தில் பதியலாம். அந்த வகையில் நார்வே நமக்கு எளிது.

படி 4: லேபிளும் பொறுப்பாளரும்

2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் உள்ள பொதுப் பொருள் பாதுகாப்பு விதிப்படி, பொருளின் பாதுகாப்புக்குப் பதில் சொல்ல ஒன்றியத்துக்குள் ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவருடைய பெயரும் முகவரியும் பொருளிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும், விற்பனைப் பக்கத்திலும் தெரிய வேண்டும். துணியில் என்ன நூல், எத்தனை சதவீதம் என்பதை அந்த நாட்டு மொழியில் லேபிளில் அச்சிட வேண்டும். பருத்திக்கு ஸ்வீடனில் 'பூமுல்', பின்லாந்தில் 'பூவில்லா'. முதன்முதலில் கேட்டபோது எங்கள் தையல்காரர் சிரித்தார். பின்னிஷ் மொழியில் 'பூவில்லா'வின் பொருள் மரக்கம்பளி.

ஆசோ என்ற செயற்கைச் சாய வகையில் சிலவற்றுக்கு அங்கே தடை இருக்கிறது. சாயப்பட்டறையிடம் சோதனை அறிக்கை கேட்டு வாங்கி வையுங்கள். 'இயற்கைக்கு உகந்தது' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். ஆதாரம் இல்லாத அப்படிப்பட்ட வாசகங்களுக்கு 2026 செப்டம்பர் 27 முதல் ஒன்றியம் முழுக்கத் தடை. கோட்ஸ் (இயற்கை முறைத் துணிக்கான சான்று) போன்ற சான்றிதழ் இருந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள், போதும்.

படி 5: மொழிக்குச் செலவழியுங்கள்

அங்கே பெரும்பாலோருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனாலும் பொருளைத் தேடும்போது தங்கள் மொழியில் தேடுபவர்கள் நிறைய. இயந்திர மொழிபெயர்ப்பை நம்பியதால் ஸ்வீடன் அமேசானின் தொடக்க நாள் பக்கங்களில் கேலிக்கிடமான பிழைகள் நிறைந்திருந்தன. ஸ்வீடனின் கொடி இருக்க வேண்டிய இடத்தில் அர்ஜென்டினாவின் கொடிகூட வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனம் அதைத் தாங்கிக்கொள்ளும், நம்மால் முடியாது.

ஸ்வீடிஷ் பக்கத்தை அப்படியே டென்மார்க்குக்கு ஒட்டவும் கூடாது. 'ரோலிக்' என்ற சொல் ஸ்வீடிஷில் வேடிக்கையானது, டேனிஷிலும் நார்வீஜியனிலும் அமைதியானது. பின்னிஷ் வேறு குடும்பத்து மொழி. அதிகம் விற்கும் பத்துப் பொருளின் விவரத்தை மட்டும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள்.

படி 6: பணமும் பார்சலும்

கேஷ் ஆன் டெலிவரியை மறந்துவிடுங்கள், ஸ்வீடனில் ரொக்கமே அரிது. மக்கள் கையில் இருப்பது கார்டு, ஸ்வீடனின் ஸ்விஷ், நார்வேயின் விப்ஸ், டென்மார்க்கின் மொபைல்பே, பொருளை வாங்கிய பிறகு பணம் கட்ட வசதி தரும் கிளார்னா. அங்கே கம்பெனியோ வங்கிக் கணக்கோ இல்லாத நமக்குக் கார்டுதான் எளிய தொடக்கம். விலையை அவர்கள் நாணயத்தில் காட்டுங்கள்.

பார்சல் பெரும்பாலும் வீட்டுக்கு வராது. அருகிலுள்ள மளிகைக் கடைக்கோ பார்சல் லாக்கருக்கோ வந்து சேரும், குறுஞ்செய்தி பார்த்து அவர்களே போய் எடுத்துக்கொள்வார்கள். அதனால் கைபேசி எண்ணைக் கட்டாயமாக்குங்கள். ஏழு நாள் என்று ஆசை காட்டுவதைவிடப் பதினைந்து நாள் என்று உண்மையைச் சொல்லலாம். அங்கே அதற்கு மதிப்பு உண்டு.

படி 7: திருப்பி அனுப்பும் உரிமை

கையில் கிடைத்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று சொல்ல வாங்கியவருக்கு உரிமை உண்டு. விலையோடு, அனுப்ப அவர் கட்டிய சாதாரண தபால் செலவையும் திருப்பித் தர வேண்டும். திருப்பி அனுப்பும் செலவு அவருடையது என்றால் அதை வாங்கும் முன்பே எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் நம் தலையில். அவர் கேட்ட அளவுக்கென்று தைத்த டேபிள் கிளாத்துக்கு இந்த உரிமை கிடையாது. பொருளில் குறை இருந்தால் ஸ்வீடனில் 3 ஆண்டு வரை புகார் செய்யலாம்.

இரண்டு டவலைக் கரூருக்குத் திருப்பி வரவழைக்கும் செலவு டவலின் விலையையே தாண்டும். சிறு ஆர்டர்களில் நாங்கள் பணத்தைத் திருப்பிவிட்டு, பொருளை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆர்டர் பெருகினால் ஸ்வீடனிலேயே ஒரு கிடங்கின் முகவரியை ஏற்பாடு செய்யுங்கள்.

படி 8: கடை திறக்கும் முன் ஒரு பார்சல்

ஸ்டாக்ஹோமிலோ மால்மோவிலோ உங்களுக்குத் தெரிந்த ஒருவரை உங்கள் தளத்திலேயே, சொந்தக் கார்டில், ஒரு டவல் செட் வாங்கச் சொல்லுங்கள். பணத்தைப் பிறகு கொடுத்துவிடலாம். அவருக்கு வந்த ஒவ்வொரு குறுஞ்செய்தியையும், பெட்டி வந்து சேர்ந்த நிலையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முக்கியமாக ஒன்றைக் கேளுங்கள்: எடுக்கும்போது ஏதாவது பணம் கேட்டார்களா? ஆமாம் என்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். இல்லை என்றால் மறுநாளே கடையைத் திறக்கலாம். எங்களுக்கு இரண்டாம் முறைதான் 'இல்லை' என்ற பதில் வந்தது. அன்று மாலையே உப்சாலா ஆசிரியைக்கு அதே ஆறு டவலை மறுபடி அனுப்பினோம், பணம் வாங்காமல்.