ஊர்க் கோப்பைக்குள் சாதி நுழையாமல் பார்த்துக்கொள்வது எப்படி

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானமாக இருந்தாலும் சரி, திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலாக இருந்தாலும் சரி, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் போட்டியில் தகராறு பெரும்பாலும் எல்லைக் கயிற்றுக்கு வெளியேதான் மூளும். ஆடிய பதினான்கு பேரும் கை குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பார்க்க வந்தவர்களில் ஒருவன் கத்திய ஒற்றை வார்த்தை, ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறி, மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கும். போட்டி நடத்தும் கமிட்டிக்கும், டீமோடு வேன் பிடித்து வரும் சப்போர்ட்டர்களுக்கும் சேர்த்தே இது எழுதப்படுகிறது.

இதை நம்மைவிட மோசமான நிலையிலிருந்து சரிசெய்தவர்கள் இருக்கிறார்கள். வட அயர்லாந்து அணியின் சொந்த மைதானமான பெல்ஃபாஸ்டின் வின்ட்சர் பார்க்கில், புராட்டஸ்டன்ட் – கத்தோலிக்கப் பகை பல காலம் பாட்டாகவே ஒலித்தது. 2001 பிப்ரவரியில் நார்வேயுடன் நடந்த ஆட்டத்தில் நீல் லெனன் பந்தைத் தொட்டபோதெல்லாம், சொந்த ரசிகர்களிலேயே ஒரு பகுதியினர் ஊளையிட்டார்கள். அவர் கத்தோலிக்கர்; கிளாஸ்கோவின் செல்டிக் கிளப்பில் சேர்ந்திருந்தார். அவ்வளவுதான் குற்றம். 2002 ஆகஸ்டில் சைப்ரஸுடனான ஆட்டத்துக்கு அவர் கேப்டனாக இறங்க இருந்தபோது கொலை மிரட்டல் வந்தது. நாட்டுக்காக ஆடுவதையே விட்டுவிட்டார். அதே அணியின் ரசிகர் மன்றக் கூட்டமைப்புக்கு, மதப்பகையை விரட்டிய வேலைக்காக 2006இல் பிரஸ்ஸல்ஸ் சர்வதேச ரசிகர் விருது கிடைத்தது. 2016 யூரோ கோப்பையின்போது நடந்துகொண்ட விதத்துக்காக, அயர்லாந்துக் குடியரசு, வட அயர்லாந்து இரண்டின் ரசிகர்களுக்கும் பாரிஸ் மாநகரம் பதக்கம் அறிவித்தது.

இடைப்பட்ட காலத்தில் அங்கே கால்பந்துச் சங்கம் ‘அனைவருக்கும் கால்பந்து’ என்று ஓர் இயக்கம் நடத்தியது. ஆனால் கேலரியில் நின்று வேலை பார்த்தவர்கள் ரசிகர்கள். ஒரு தரப்பின் அடையாளமான சிவப்பு–வெள்ளை–நீலத்தைப் பின்னுக்குத் தள்ளி, எல்லோரும் அணியின் பச்சையில் வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பகைப் பாட்டு கிளம்பினால் அதைவிடச் சத்தமாக வேறு பாட்டை எடுத்தார்கள். பக்கத்து ஸ்காட்லாந்தில் மைதான மதவெறிக்கென்றே 2012இல் தனிச் சட்டம் வந்து, 2018இல் ரத்தானது. சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேலரியில் ஆள் இல்லாமல் சட்டம் மட்டும் போதாது. நிறம், பாட்டு, ஆள்: நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இந்த மூன்றும்தான்.

நிறமும் கயிறும்

நம் பள்ளிக்கூடங்களில் சாதி அடையாளமாகக் கட்டும் கைக்கயிறு என்ன வேலை பார்க்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். 2019இல் பள்ளிக் கல்வித் துறை இதைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் நிறக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. மைதானத்தில் இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. கால்பந்து விதிகளில் நான்காவது விதி, ரப்பர் பேண்டு, தோல் பட்டை உட்பட எந்த அணிகலனையும் அணிந்து ஆடக் கூடாது என்கிறது. டேப் ஒட்டி மறைத்தாலும் செல்லாது. ஆகவே நடுவர் எந்தச் சாதியையும் பேச வேண்டியதில்லை. “மணிக்கட்டில் எதுவும் இருக்கக் கூடாது, எல்லாருக்கும் ஒரே விதி” என்று சொல்லி, களத்துக்குள் விடும்முன் இரண்டு கையையும் நீட்டச் சொன்னால் போதும்.

இதில் ஒரு சிக்கல் வரும். கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் கொடை முடியும்வரை அதைக் கழற்ற மாட்டார்; கழற்றச் சொன்னால் அதுவே புதுப் பிரச்சினை. அதனால் தேதி குறிக்கும்போதே வருகிற எல்லா ஊர்களின் கொடை, அசனம் (தேவாலயப் பொது விருந்து), நோன்பு நாட்களையும் கேட்டு எழுதிக்கொண்டு, அவற்றைத் தவிர்த்து வையுங்கள். சொந்த ஊர்க் கொடையை ஒட்டிப் போட்டி வைப்பதும் வேண்டாம். கொடைக்கு ஊரில் பிரிக்கும் வரிப்பணத்தில் நடக்கிற கோப்பை வரி கொடுத்தவர்களின் கோப்பையாகவே பார்க்கப்படும். வெளியூர்க்காரர் விருந்தாளியாகக்கூட உணர மாட்டார்.

சப்போர்ட்டர்களுக்கு ஒரே ஒரு நிறம் போதும். சுற்றுவட்டாரத்துக் கொடிக்கம்பங்களையும் சுவர் விளம்பரங்களையும் ஒரு நோட்டம் விட்டு, அங்கே இருக்கிற நிறச் சேர்க்கைகளைக் குறித்துவைத்து, எதிலும் சேராத ஒன்றை எடுங்கள். இரண்டு நிறம் சேர்ந்தாலே ஏதாவது ஒரு கொடி ஞாபகத்துக்கு வரும் என்பதால் ஒற்றை நிறமே நல்லது. 36 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள பருத்தித் துணியில் ஒன்றரை மீட்டர் எடுத்து நீளவாக்கில் நான்காகக் கிழித்தால், ஒன்பது அங்குல அகலத்தில் நான்கு துண்டு கிடைக்கும். நூறு பேருக்கு 37½ மீட்டர். வாங்கியதும் ஒரு தடவை அலசிக் காயப்போடுங்கள். அலசாமல் கொடுத்தால் வியர்வையில் சாயம் இறங்கி வெள்ளைச் சட்டையில் ஒட்டும். அடுத்த ஆட்டத்துக்கு ஒருவரும் கட்டி வர மாட்டார்கள்.

பிளக்ஸில் போட்டியின் பெயர், தேதி, அணிகள் மட்டும் இருக்கட்டும். கோப்பை கொடுத்தவர் பெயரைச் சாதிப் பட்டம் இல்லாமல் போடுவோம் என்பதை, பணம் வாங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். அச்சடித்த பிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

பாட்டு

முக்கியமான வேலை இங்கேதான் இருக்கிறது. கெட்ட கோஷம் எப்போது கிளம்புகிறது என்று நான்கு ஆட்டம் கவனித்துப் பார்த்தால் புரியும். நாம் கோல் வாங்கிய மறுநிமிடம், நடுவர் பெனால்டி கொடுத்த நேரம், ஒருவன் அடிபட்டுக் கிடந்து ஆட்டம் நிற்கும் நேரம், இடைவேளை. நான்கிலும் பொதுவாக இருப்பது அமைதி. கூட்டத்துக்குக் கத்த வேண்டும்போல இருக்கிறது, கையில் பாட்டு இல்லை. முதலில் வாய் திறக்கிறவன் பின்னால் எல்லோரும் போய்விடுகிறார்கள். அந்த அமைதியை ஐந்து விநாடிக்குள் நிரப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆளுக்கு ஒரு பாட்டு எழுத வேண்டாம். எடுப்பு ஒரு குரல், தொடுப்பு ஊர்க்குரல் என்று நான்கு வரி போதும்:

எந்த ஆறு? – நம்ம ஆறு!
எந்தக் காத்து? – பொதிகைக் காத்து!
யாரு பந்து? – நம்ம பந்து!
எங்க போவுது? – வலைக்குப் போவுது!

தொடுப்பு இரண்டு சொல்லைத் தாண்டினால் பின்வரிசை பிந்திவிடும், பாட்டு குலையும். ஊர்ப் பெயர் வரலாம், தெருப் பெயர் வரக் கூடாது. சினிமா மெட்டு எடுத்தால் அந்தப் பாட்டு நம் பக்கத்தில் யார் ஊர்வலத்தில் ஒலிக்கிறது என்று விசாரித்துவிட்டு எடுங்கள். சொல் நல்லதாக இருந்து மெட்டு வம்பாக முடிந்த பாட்டுகள் இருக்கின்றன. கோல் வாங்கிய பிறகு பாட ஒரு பாட்டு கட்டாயம் தனியாக வேண்டும். பலரும் ஜெயிக்கிற பாட்டு மட்டும் தயார் செய்துவிட்டு, தோற்கும்போது வாயடைத்துப் போகிறார்கள்.

மேளம் இரண்டு, எதிரெதிர் மூலைகளில். கூலிக்கு ஒரே தெருவிலிருந்து அடிக்கிறவர்களைக் கூப்பிட்டு ஓரமாக உட்கார வைப்பது பழைய வழக்கத்தைக் கயிற்றுக்குள்ளேயே கொண்டுவருவதாகும். பறையோ உறுமியோ, சப்போர்ட்டர்களில் எல்லாத் தெருவிலிருந்தும் ஆறு பேர் பத்து நாள் கற்றுக்கொண்டு தாங்களே அடிக்கட்டும். கற்றுக்கொடுப்பவரை ஆசானாக அழைத்து, முதல் நாள் அவர் கையால் போட்டியைத் தொடங்கிவைக்கச் சொல்லுங்கள்.

மைக் செட்டுக்காரரிடம் பாட்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, போன் இணைக்கும் வயரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். “அண்ணாச்சி, இந்த ஒரு பாட்டு மட்டும்” என்று எவனாவது போனை நீட்டுவான். அந்த ஒரு பாட்டில்தான் ஆட்டம் கெடும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை போடக் கூடாது.

கயிறு, ஆள், மைக்

200க்கு 130 அடி செவன்ஸ் மைதானத்துக்குப் பக்கவாட்டில் கோட்டிலிருந்து 10 அடி, கோல் போஸ்டுக்குப் பின்னால் 20 அடி தள்ளிக் கயிறு கட்டுங்கள். வசவு அத்தனையும் கோல்கீப்பர் காதில்தான் விழுகிறது. அதற்குத்தான் அந்தக் கூடுதல் இடைவெளி. சுற்றளவு 780 அடி. பத்தடிக்கு ஒரு சவுக்குக் கம்பு என்றால் 78. முடிச்சுக்கும் சேர்த்துக் கயிறு 900 அடி. செம்மண்ணில் கம்பு ஒன்றரை அடி இறங்கினால் நிற்கும். தேரியில் இரண்டரை அடி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் கோலுக்கே சாயும்.

ஐம்பது பேருக்கு ஒரு தொண்டர். எப்போதும் இரண்டு இரண்டு பேராக, ஆளுக்கு ஓர் ஊர். ஒரே ஊர்க்காரர் இருவர் போய்ச் சொன்னால் அது அதட்டலாகவே கேட்கும். பெண்களும் கட்டாயம் இருக்கட்டும். டீக்கடை, பைக் நிறுத்துமிடம், கோல் பின்புறம் மூன்றிலும் ஒரு ஜோடி நிற்க வேண்டும். கோஷம் போட்டவனிடம் போய்த் தோளில் கை வைக்காமல், “தம்பி, இது வேண்டாம்டே, நம்ம பாட்டை எடு” என்று தாழ்ந்த குரலில் சொல்வதுதான் முதல் வேலை. அதே நொடியில் மேளத்துக்குச் சைகை போக வேண்டும். சொல்வது, அடிப்பது இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் பலிக்கும்.

பெரும்பாலான கமிட்டிகள் தவறுவது மைக்கில். “அந்தத் தெருப் பசங்க ஒழுங்கா இருங்க” என்று ஒலிபெருக்கியில் சொன்ன மறுகணம் அந்தத் தெரு முழுவதும் குற்றவாளியாகிவிடும். சும்மா நின்றவனும் சேர்ந்துகொள்வான். தெரு, சாதி, மதம், சட்டை நிறம் எதையும் சொல்லாமல், முன்பே எழுதிவைத்ததைப் படியுங்கள்: “மரியாதைக் குறைவான கோஷம் கேட்டதால் ஆட்டம் நிறுத்தப்படுகிறது. கோஷம் நின்றால் ஆட்டம் தொடரும்.”

அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் இனவெறிக் கோஷத்துக்கு வைத்திருக்கும் மூன்று படி முறை நமக்கும் பொருந்தும். முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பு. மறுபடி கேட்டால் இரு அணிகளும் வெளியேறி ஐந்து முதல் பத்து நிமிடம் இடைநிறுத்தம். மூன்றாவது முறை ஆட்டம் கைவிடப்படும். 2024இல் உலகக் கால்பந்துச் சம்மேளனம் ஏற்ற சைகையையும் சொல்லிக்கொடுங்கள்: ஆட்டக்காரர் இரு மணிக்கட்டையும் குறுக்காக வைத்துக் காட்டினால், இனவெறிச் சொல்லைக் கேட்டேன் என்று நடுவரிடம் சொல்கிறார். நம் மைதானத்தில் அதைச் சாதிச் சொல்லுக்கும் எடுத்துக்கொள்ளலாம். இந்த விதிகளைப் பதிவு செய்யும் நாளிலேயே கேப்டனும் சப்போர்ட்டர் தலைவரும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அபராதப் பணம் மட்டும் வாங்காதீர்கள். ஊர் கூடி வசூல் செய்து கட்டிவிட்டுப் பெருமையாகப் பேசும். அடுத்த ஆட்டத்தை சப்போர்ட்டர் இல்லாமல் ஆடச் சொல்லுங்கள், அதுதான் உறைக்கும். 2019இல் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் மதவெறிப் பாட்டுப் பாடியதற்கு, அவர்கள் மைதானத்தின் ஒரு பகுதியையே அடுத்த ஆட்டத்துக்கு ஐரோப்பியச் சங்கம் மூட வைத்தது.

பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவாகத் திட்டுவது, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். திட்டப்பட்டவர் புகார் கொடுக்க நினைத்தால் “ஊர் நல்லதுக்காக விட்டுடு” என்று கமிட்டி குறுக்கே நிற்கக் கூடாது. வீடியோ இருந்தால் கொடுங்கள், சாட்சிக்கு வாருங்கள். இதில் பின்வாங்கினால் துண்டும் பாட்டும் வெறும் ஜோடனையாகிவிடும்.

முடிந்த பிறகு

கடைசி விசில் ஊதியதும் இரு அணியையும் கலந்து நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து, அரை மணி நேரத்துக்குள் கமிட்டியே முடிவோடு வெளியிடட்டும். நம் படம் முந்திக்கொண்டால் பகை ரீல்ஸுக்கு மவுசு குறையும். ஊருக்கு இருவர் மறுநாள் மாலை வரை ஸ்டேட்டஸ்களைப் பார்த்து, தப்பானது கண்ணில் பட்டால் போட்டவனுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். குரூப்பில் எழுதிக் கண்டிக்க வேண்டாம், அதுவே பரவலுக்கு வழி.

வெளியூர் வேன்கள் முதலில் கிளம்பட்டும். உள்ளூர் பைக்குகள் பதினைந்து நிமிடம் கழித்து. வேனில் பாட்டு இல்லை, சைலன்சர் உறுமல் இல்லை. எந்தத் தெரு வழியாகப் போவது என்று டிரைவரிடம் காலையிலேயே காட்டிவிடுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் உள்ளூர் சப்போர்ட்டர்களுக்கு வேலை இருக்கிறது. ஜப்பான் ரசிகர்கள் 1998 உலகக் கோப்பையிலிருந்து தோற்றாலும் ஜெயித்தாலும் தாங்கள் உட்கார்ந்த இடத்தைக் கூட்டிவிட்டுத்தான் போகிறார்கள். 500 பேர் கூடினால் இருபது சாக்குப் பை போதும். தண்ணீர் பாக்கெட்டுக்கு ஒன்று, டீ கப்புக்கு ஒன்று என்று ஜோடி ஜோடியாகக் கொடுத்து, கம்புகளையும் பிடுங்கிக் கட்டச் சொல்லுங்கள்.