மலைவீட்டுத் தோட்டம்: வேலை குறையவும் அழகு நிலைக்கவும்

நீலகிரியில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களின் மனத்தில் பெரும்பாலும் உதகை தாவரவியல் பூங்காதான் மாதிரியாக நிற்கிறது. 1848-இல் உருவாகத் தொடங்கிய அந்தப் பூங்காவில் ஏப்ரல், மே சீசனுக்கு ஒரு முறையும் செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனுக்கு ஒரு முறையும் பாத்திகளைக் கொத்திப் புது நாற்று நடுகிறார்கள். அதற்கென்றே ஆண்டு முழுவதும் ஆட்கள் இருக்கிறார்கள். ஐந்து சென்ட் நிலத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கவனிக்க முடிகிற குடும்பத்துக்கு அந்த முறை ஒத்துவராது. ஒரு முறை நட்டுப் பல ஆண்டுகள் நிற்கும் செடிகளும், சிறிய புல்தரையும், மழைநீர் போக ஒழுங்கான வழியும் இருந்தால், அதே நிலம் பாதி உழைப்பில் அழகாக இருக்கும்.

முதலில் தொட வேண்டியது புல்தரை. மலையில் எங்கும் பரவியிருக்கும் கிக்குயு புல் கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும். கோத்தகிரியில் எங்கள் வீட்டு ரோஜாப் பாத்தியில் ஒரு கொடியைப் பிடித்து இழுத்தபோது, ஆறு அடி நீளத்துக்கு மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதன் ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வேர்க் கொத்து இருந்தது. மழைக்காலத்தில் அதை வாரந்தோறும் வெட்ட வேண்டும், போதாததற்குக் காட்டெருமைகளுக்கும் அது நல்ல மேய்ச்சல். உட்கார ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மட்டும் புல்லை வைத்துக்கொண்டு, மீதியை மூடிவிடுங்கள். கொத்தி எடுக்க முயன்றால் அறுபட்ட துண்டுகள் மறுபடி முளைக்கும். புல்லை ஒட்ட வெட்டி, பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி இரண்டு அடுக்காகப் பரப்பி, நன்றாக நனைத்து, அதன் மேல் நான்கு அங்குலம் மக்கிய உரமும் சருகும் போட வேண்டும். நான்கைந்து மாதங்களில் அடியில் உள்ள புல் வெளிச்சமின்றி மடிந்துவிடும். விட்டுவைத்த புல்லைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குக் கல் பதித்தால், ஓரத்தில் தாண்டி வருவதைக் கண்டவுடன் வெட்டிவிடலாம்.

அடுத்தது சரிவு. செடியைவிட இதற்குத்தான் அதிகம் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து எத்தனை வீடுகள் போயின என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. சரிவை ஒரே உயரமான சுவரால் தடுப்பதைவிட, இரண்டு அல்லது மூன்றடி உயரமுள்ள கல்கட்டுகளாகப் படிப்படியாக அமைப்பது நல்லது. கற்களைச் சிமெண்ட் இல்லாமல், சற்றே மேட்டுப் பக்கம் சாய்த்து அடுக்கினால், பின்னால் தேங்கும் நீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும்; சிமெண்ட் பூசினால் நீர் வெளியேறக் குழாய்கள் வைத்தே ஆக வேண்டும். பொக்லைன் கொண்டு மண் எடுக்க இங்கே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. கைவேலையாகச் செய்தால் செலவு கூடும். ஆனால் மேல்மண் மிஞ்சும்.

இந்தக் கல்கட்டுப் படிகளின் ஓரத்தில் அகபாந்தஸ் நடுங்கள். தடித்த வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், வறட்சியையும் தாங்கும். ஒரே வேலை, பூத்து முடிந்த தண்டை அறுப்பதுதான். வெயில் படும் மேல்படிக்கு ரோஸ்மேரி பொருத்தமானது. நீர் தேங்காத இடமாக இருந்தால் போதும், சமையலுக்கும் கிள்ளிக்கொள்ளலாம். நீர் வந்து சேரும் கீழ்ப்படியில் ஹைட்ரேஞ்சியா வைத்தால் தனியாகத் தண்ணீர் ஊற்றுவது குறையும். நம் மலையின் புளிப்பு மண்ணில் அது நீலமாகப் பூக்கும். எங்கள் வீட்டில் சிமெண்ட் சுவரை ஒட்டிய செடி மட்டும் இளஞ்சிவப்பாகப் பூக்கிறது, ஏனென்றால் சுவரிலிருந்து கரையும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடுகிறது. மரத்துக்கு இடமிருந்தால், சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசை (ரோடோடென்ட்ரான்) வையுங்கள். மெல்ல வளரும், ஆனால் இந்த மண்ணுக்கே உரியது. உண்ணிச்செடியை அழகுக்காகக்கூட வைக்காதீர்கள். காட்டுக்குள் அது செய்திருக்கும் கேடு போதும்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூனில் நட்டால், பிப்ரவரி, மார்ச் வறட்சிக்குள் வேர் இறங்கிவிடும். பிறகு மூன்று அங்குலம் மூடாக்குப் போட்டால் களையும் குறையும், ஈரமும் நிற்கும். சில்வர் ஓக் சருகு இதற்கு நல்லது. கற்பூர மரத்துச் (யூகலிப்டஸ்) சருகில் உள்ள எண்ணெய் இளஞ்செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். தண்டை ஒட்டி இரண்டு விரல் இடம் விட வேண்டும், இல்லையேல் அழுகும். தொடர்மழை நாட்களில் மூடாக்கின் அடியில் நத்தைகள் பெருகும். அப்போது சிறிது விலக்கிவிடுங்கள்.

கோடைக்குக் கூரைநீரே போதுமான துணை. 100 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 230 லிட்டர் கிடைக்கும். ஒரு நல்ல மழையில் 200 லிட்டர் டிரம் நிறைந்துவிடும். கொசு புகாதபடி வாயை வலையால் கட்டிவையுங்கள்.

உதகை போன்ற உயரமான இடங்களில், குறிப்பாகப் பள்ளத்தில், டிசம்பர், ஜனவரி உறைபனி கருக்கும். பிகோனியா, ஃபுக்‌ஷியா போன்ற மென்மையான செடிகளை வீட்டுச் சுவரோரம், இறவாரத்தின் கீழ் வைத்தால் பெரும்பாலும் தப்பும். திறந்த வெளியில் இருப்பவற்றை மாலையில் மிலார் என்னும் செடியின் கிளைகளால் மூடுவது இங்கே பழக்கம்.

கவாத்து விஷயத்தில் ஒரு தவறு எல்லாத் தோட்டங்களிலும் நடக்கிறது: குளிர்காலத்தில் ஹைட்ரேஞ்சியாவை முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிடுகிறார்கள், அடுத்த பருவத்தில் பூ இல்லை என்கிறார்கள். அது பழைய தண்டின் நுனி மொட்டிலிருந்துதான் பூக்கும். காய்ந்த பூவுக்குக் கீழே முதலில் தென்படும் பருத்த இரட்டை மொட்டுக்குச் சற்று மேலே வெட்டி நிறுத்துங்கள்.