மாணவர்கள் குடியிருக்கும் தெருவில் குப்பையைச் சமாளிப்பது எப்படி

எங்கள் மாடியிலும் எதிர்வீட்டிலும் கல்லூரிப் பிள்ளைகள்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். "பசங்க வந்தாலே தெரு நாறிடும்" என்று அலுத்துக்கொள்பவர்கள் இங்கே நிறைய. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. குப்பை வண்டி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரும் என்று சொல்ல ஆளில்லாவிட்டால், குடும்பஸ்தரும் கவரைக் கட்டித் தெருமுனையில்தான் வைப்பார். மாணவர் வீடுகளில் வருஷா வருஷம் ஆள் மாறுகிறது. போனவர்களுக்குத் தெரிந்தது வந்தவர்களுக்குத் தெரிவதில்லை.

அதனால் சாவி கொடுக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். வீட்டு ஓனராக இருந்தால் ஒரு தாளில் எழுதி, வாசல் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். வெளியே கிளம்பும்போது கண்ணில் படும். வண்டி வரும் கிழமை, நேரம், எந்தத் தொட்டியில் எது, காலித் தொட்டியை எப்போது உள்ளே எடுப்பது, இவ்வளவு போதும். "இங்கே குப்பை கொட்டாதீர்" என்ற மிரட்டல் போர்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேறெங்கே கொட்டுவது என்று அது சொல்வதில்லையே.

ஒரே வீட்டில் நாலைந்து பேர் இருந்தால் ஆளுக்கொரு நாள் என்று முறை போடாதீர்கள். ஒருவர் ஊருக்குப் போனால் போச்சு. அறைக்கு ஒரு வாரம் என்று வையுங்கள். கவரைக் கட்டுவதோடு வேலை முடியாது. வெளியே வைத்து, தொட்டியில் புதுக் கவர் மாட்டும்வரை அந்த அறையின் பொறுப்பு. பாதிச் சண்டை அந்தப் புதுக் கவரில்தான் ஆரம்பிக்கிறது.

அடுத்தது நாற்றம். ஈரம்தான் வில்லன். மிச்சச் சாப்பாட்டைத் தண்ணீரோடு கவரில் கொட்டி இறுக்கிக் கட்டினால், காற்றில்லாமல் உள்ளேயே அழுகும். அந்த வாடைதான் மாடிப்படி முழுக்க வீசுவது. முதலில் நீரை வடித்துவிடுங்கள். தொட்டியின் அடியில் பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டால் மீதி ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். மூடி கட்டாயம். வெயில் காலத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வந்துவிடும். 7 முதல் 10 நாளில் அதுவே ஈயாகப் பறக்கும். ஆகவே மக்கும் குப்பை வாரத்துக்கு இரண்டு முறையாவது வீட்டை விட்டுப் போகட்டும். வண்டியே வாரம் ஒருமுறைதான் என்றால், நாறக்கூடியதை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்து, வண்டி வரும் காலையில் எடுத்துப் போடலாம். முகம் சுளிக்கிறவர்கள் ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பார்சல் டப்பாக்களை ஒரு தடவை அலசினாலே போதும். எண்ணெய் ஊறிய அட்டையைப் பழைய பேப்பரோடு சேர்க்காதீர்கள். கூழாக்கும்போது எண்ணெய் பிரியாமல் மற்ற தாளையும் கெடுக்கும். சுத்தமான பாதியைக் கிழித்து எடுத்துக்கொள்ளலாம். பால்கனியிலும் மொட்டை மாடியிலும் தூக்கிப்போட்ட டப்பாக்களை வாரம் ஒருமுறை பாருங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய மழைநீரில் சுமார் ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்துவிடும். அதன் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பழைய பவர் பேங்க், போன் பேட்டரி எதையும் குப்பையில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். தனி டப்பாவில் சேர்த்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடு, நாப்கின் எல்லாவற்றையும் தாளில் சுற்றி, உள்ளே என்ன என்று மேலே எழுதுங்கள். அதைத் தொடப்போவது ஒரு தூய்மைப் பணியாளரின் கை.

உண்மையான தலைவலி வருஷக் கடைசியில் வீடு காலி செய்யும்போதுதான். மெத்தை, கால் ஆடும் நாற்காலி, மூட்டை மூட்டையாக நோட்டு, எல்லாம் ஒரே ராத்திரியில் வாசலுக்கு வரும். ஒரு மழை நனைந்த மெத்தையை யாரும் தொட மாட்டார்கள். பரீட்சை தொடங்குமுன்பே, வேண்டாத பொருட்களைப் படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு மேசையும் வாளியும் தேவைப்படும். மிஞ்சும் பெரிய சாமான்களை எப்போது எடுப்பார்கள் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். ஓனர்களே, வீடு காலியாக இருப்பதைப் பார்த்தபிறகு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள். இதைக் குடிவரும்போதே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

பக்கத்து வீட்டுக்காரராகப் புகார் சொல்லப் போகிறீர்கள் என்றால், கோபத்தோடு நள்ளிரவில் கதவைத் தட்டாதீர்கள். சாயங்காலம் போய், "தம்பி, வண்டி காலையில ஏழு மணிக்குத்தான் வரும். ராத்திரியே வெச்சா நாய் இழுத்துப் போட்டுடுது, காலையில வைப்பா" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் "சாரி ஆன்ட்டி" என்று உடனே எடுத்துவிடுவார்கள். கேட்காதவர்களுக்கு அடுத்தபடி ஓனர். தேதியோடு குப்பையைப் படம் எடுத்து அனுப்புங்கள், பிள்ளைகளின் முகத்தை எடுக்க வேண்டாம். வண்டியே வராத நாளில் மட்டும் அவர்கள்மேல் பாயாதீர்கள். தொட்டியை உள்ளே எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, புகாரை உள்ளாட்சிக்குக் கொண்டுபோங்கள்.