நாயின் வாய் நாறுகிறதா? முதலில் பல்லைப் பாருங்கள்

மேலுதட்டைத் தூக்கி, கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கம் பாருங்கள். ஈறோரம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ காரை படிந்திருந்தால் நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான். பல்லில் ஒட்டும் மெல்லிய படலம் இரண்டு மூன்று நாளிலேயே இறுகிக் காரையாகிவிடும். தினமும் துலக்கச் சொல்வது அதனால்தான். நாய்க்கென்றே விற்கும் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு எடுத்து, பிரஷை ஈறோரம் 45 டிகிரி சாய்த்துத் தேயுங்கள். உட்பக்கத்தை நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும். நம் பேஸ்ட் வேண்டவே வேண்டாம்: நாய்க்குத் துப்பத் தெரியாது, அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் உயிருக்கே ஆபத்து. இறுகிய காரை பிரஷுக்கு அசையாது. மயக்க மருந்து கொடுத்து கால்நடை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். மூச்சில் சிறுநீர் வாடை அடித்தால் சிறுநீரகத்தையும், பழவாடை அடித்தால் ரத்தச் சர்க்கரையையும் சோதிக்கச் சொல்லுங்கள்.