காருக்கு மெஷினால் வாக்ஸ் பூசுவது எப்படி?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்கரையோரம் கார் நிறுத்துகிறவர்களுக்குப் பெயின்ட் ஏன் மங்குகிறது என்று விளக்கத் தேவையில்லை. உப்புக்காற்று, வெயில், போதாததற்குக் காகம். இவற்றுக்கும் பெயின்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலம் போடுவதுதான் வாக்ஸின் வேலை. கீறலை அது போக்காது. அதற்கு முதலில் பொலிஷ் போட வேண்டும், அது தனி வேலை.

டப்பாவில் கட்டியாக வரும் பேஸ்ட் வாக்ஸ் பலவற்றில் இருப்பது பிரேசிலின் கார்னோபா பனை இலையில் எடுக்கும் மெழுகு. 80 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும் கடின மெழுகு அது. கரைப்பான் சேர்த்துத்தான் பூசும் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பூசிய பிறகு கரைப்பான் ஆவியாகிப் போக, மெழுகு மட்டும் தங்கும்.

பேடைச் சுழற்றிப் பூசும் மெஷினில் இரண்டு வகை உண்டு. ரோட்டரி ஒரே மையத்தில் சுற்றும். ஓரிடத்தில் நின்றால் சூடேறிப் பெயின்டையே கெடுத்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் டிஏ (டூவல் ஆக்‌ஷன்) மெஷின்தான் உங்களுக்கு. அதற்கு மிக மென்மையான ஃபோம் பேட் வேண்டும். பேடின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கம்பனிக்குக் கம்பனி நிறம் மாறும். கையால் அமுக்கிப் பாருங்கள்.

காரை ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்ததும், மெல்லிய பொலித்தீன் பைக்குள் கையை விட்டு பொனட்டைத் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால், ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கிளே பாரால் தேய்த்து எடுக்க வேண்டும். கிளே நிலத்தில் விழுந்தால் குப்பையில் போட்டுவிடுங்கள். ஒட்டிய ஒரு மணல் போதும், கார் முழுக்கக் கோடு விழும். கறுப்பு பிளாஸ்டிக், றப்பர் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அங்கே மெழுகு பட்டால் வெள்ளையாகப் படியும், எடுப்பது பெரும்பாடு.

வெயிலில் பூசவே கூடாது. கையை வைத்தால் தகடு குளிர்ந்திருக்க வேண்டும். காலை நேரம் அல்லது தொடர்மாடியின் கீழ்த்தளப் பார்க்கிங் சரியாக வரும். ஏப்ரல், ஒக்டோபரில் பின்னேரம் இடிமழை வரலாம், வெளியில் தொடங்காதீர்கள். கழுவிய ஈரத்தில் எக்ஸ்டென்ஷன் வயர் கிடக்கவும் கூடாது.

இனிப் பூசலாம். மெஷினை நிறுத்தி வைத்தபடியே பேடில் கொஞ்சம் வாக்ஸைத் தடவுங்கள். பேடைத் தகட்டில் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும், இல்லையென்றால் வாக்ஸ் சுவரெல்லாம் தெறிக்கும். வேகம் 1 முதல் 6 வரை இருந்தால் 2 காணும். வயரைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டடிக்கு இரண்டடிப் பகுதியாக, முன் போன தடத்தில் பாதியை மூடிக்கொண்டு மெதுவாக நகர்த்துங்கள். அமுக்க வேண்டாம், மெஷினின் பாரமே போதும். பேட் எப்போதும் படுக்கையாக இருக்கட்டும்.

பலரும் தவறுவது அளவில்தான். தடிப்பாகப் பூசினால் கூடுதல் காலம் நிற்கும் என்று நினைக்கிறார்கள். மேலதிகமாகப் பூசியதெல்லாம் துடைக்கும்போது துணியோடுதான் வரும், கைவலி மட்டும் மிச்சம். சாய்ந்து பார்த்தால்தான் பூசிய இடம் தெரிய வேண்டும், தோசைக்கல்லில் எண்ணெய் தடவியது போல. என் அபிப்பிராயத்தில் மெஷின் வாங்குவதற்கு உண்மையான காரணமே இந்த மெல்லிய, சீரான பூச்சுதான். நேரம் மிச்சமாவது இரண்டாம்பட்சம். பக்கக் கண்ணாடியின் பின்புறம், கதவுக் கைப்பிடிக் குழி போன்ற இடங்களுக்குக் கையால் பூசுங்கள்.

எப்போது துடைப்பது? விரலால் ஒரு கோடு இழுங்கள். சுத்தமாக வந்தால் காய்ந்துவிட்டது, இழுபட்டால் இன்னும் பொறுக்க வேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைவிடக் கூடவே பிடிக்கலாம், ஆகவே கடிகாரத்தை விட்டு விரலை நம்புங்கள். துடைப்பதற்கு மெஷின் வேண்டாம். மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து, அடிக்கடி பக்கம் மாற்றித் துடையுங்கள். அப்புறம் இன்னொரு சுத்தமான துணியால் ஒருமுறை.

பேடை இளஞ்சூட்டு நீரில் சோப் போட்டுக் கழுவி நிழலில் காய வையுங்கள். அடுத்த பூச்சு எப்போது என்பதை மழை காட்டிக்கொடுக்கும்: கழுவிய காரிலும் தண்ணீர் முத்துமுத்தாக நிற்காமல் பரவத் தொடங்கினால் திரும்பவும் டப்பாவைத் திறக்கலாம்.