அரிசி மூட்டையும் காயில்ஓவரும்

என் 2012 ஸ்விஃப்ட் தினமும் போரூரிலிருந்து சிறுசேரிக்கு ஆபீஸ் போய் வரும். வருஷத்தில் நாலைந்து தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலும் ஓடும். இரண்டுக்கும் ஒரே காயில்ஓவர் செட்தான், அதாவது உயரத்தையும் இறுக்கத்தையும் மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷாக் செட். முதலில் மாட்டிக் கொடுத்த கடையில் "லுக் வேணும்ல சார்" என்று 60 மி.மீ. இறக்கி அனுப்பினார்கள். அந்த வாரமே ஒரு ஸ்பீட் பிரேக்கரில் சைலன்சர் நசுங்கியது. அதைவிட எரிச்சல், டிராக்கில் வண்டி பழைய ஸ்பிரிங்கில் திரும்பிய அளவுக்குக்கூடத் திரும்பவில்லை. எல்லாவற்றையும் கழற்றி நானே முதலிலிருந்து செட் பண்ணினேன்.

உயரத்தை ரோட்டுக்கு வைத்துவிட்டு அதற்குப் பிறகு தொடாதீர்கள். டிராக் அன்று மாற்ற வேண்டியவை கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் வீல் சாய்ந்திருக்கும் கோணம்; அதோடு நகரும் டோவும் இதில் சேர்த்தி), கிளிக் (ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் திருகின் படி), டயர் காற்று, இந்த மூன்று மட்டும்தான்.

எதையும் கழற்றும் முன், நாலு வீலிலும் நடு மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து நோட்டில் எழுதுங்கள். டேங்க் பாதி இருக்கட்டும், தரை சமமாக இருக்கட்டும். டிரைவர் சீட் காலியாக இருந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. நான் 75 கிலோ. வீட்டில் வாங்கி வைத்திருந்த 25 கிலோ அரிசி மூட்டை மூன்றை டிரைவர் சீட்டில் ஏற்றி பெல்ட்டும் போட்டேன். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

இனி உயரம். முன்பக்கம் 25 மி.மீ. இறக்கினால் போதும். ஸ்விஃப்ட்டின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருக்கும். கீழே இருக்கும் ஆர்மைக் குனிந்து பாருங்கள். வீல் பக்கத்து பால் ஜாயின்ட், உள்பக்கத்து ரப்பர் புஷ்ஷைவிடக் கொஞ்சம் தாழ்ந்தோ சமமாகவோ இருக்க வேண்டும். அது மேலே ஏறிவிட்டால் ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். வண்டியைத் தாழ்த்திய பிறகும் வளைவில் சாய்வது கூடும். எனக்கு 60 மி.மீ.யில் நடந்தது இதுதான். ஸ்டியரிங்கை வீலோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கெட்டு, பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் தானாக இழுக்கும்.

உங்கள் ஸ்ட்ரட்டில் கீழ் பிராக்கெட்டும் மரைபோட்டது என்றால், ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டினால் ஆடாத அளவுக்கு மட்டும் அதைத் தாங்கும் காலரை இறுக்கிவிட்டு, உயரத்தை பிராக்கெட்டில் மாற்றுங்கள். பின்பக்கம் கதை வேறு. அங்கே இரண்டு வீலையும் இணைக்கும் டார்ஷன் பீம், ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஸ்பிரிங்குக்கு அடியில் வரும் மரைபோட்ட மேடையில்தான் உயரம் மாறும். பின்னால் நான் 15 மி.மீ. மட்டுமே இறக்கியிருக்கிறேன். வாசலுக்கு வாசல் சிமென்ட்டில் கட்டி வைத்திருக்கும் மேடுகளை இந்த உயரத்தில் சாய்த்து ஏறினால் தாண்டிவிடலாம். விதிப்படி ஸ்பீட் பிரேக்கர் என்றால் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம். அப்படி ஒன்றை எங்கள் ஏரியாவில் நான் இன்னும் பார்க்கவில்லை.

பலரும் விடும் தப்பு ஒன்று. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே ஆர்ம் புஷ், பின் பீம் புஷ் போல்ட்டுகளை முழுசாக இறுக்கிவிடுவார்கள். அப்புறம் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் தப்பாகக் காட்டும். வீல் தரையில் நின்று எடை இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. முடித்துவிட்டு 100 கி.மீ. ஓட்டி, மூட்டைகளை மறுபடி ஏற்றி அளந்து பாருங்கள். ஸ்பிரிங் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும்.

பிறகு அலைன்மென்ட். ரோட்டுக்கு முன் வீல் கேம்பர் மைனஸ் 1.2 டிகிரி (மைனஸ் என்றால் வீலின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும்), டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, பூஜ்யம். டிராக்குக்கு மைனஸ் 2.5, ஸ்ட்ரட்டின் மேல் முனையில் உள்ள கேம்பர் பிளேட்டில் மாற்றலாம். இரண்டு நிலைக்கும் பிளேட்டில் பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டுவிட்டால் டிராக்கில் வண்டி நிறுத்தும் பேடாக்கில் பத்து நிமிட வேலை. ஆனால் கேம்பரை மாற்றினால் டோவும் கூடவே நகரும். அலைன்மென்ட் கடையில் இரண்டு நிலையிலும் டோவைப் பார்த்து, டை ராடை எத்தனை சுற்று திருப்பணும் என்று குறித்துக்கொள்ளுங்கள். 2.5-லேயே ஆபீஸ் போய்வந்தால் டயரின் உள்பக்கம் மொட்டையாகும்.

கிளிக்கை எப்போதும் முழு ஹார்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், எண் கூடினால் மென்மை. என் ஷாக்கில் 24 கிளிக். ரோட்டுக்கு 18, டிராக்குக்கு முன்னால் 10, பின்னால் 7. இந்த மாதிரி ஒரே திருகு உள்ள ஷாக்கில் பெரும்பாலும் மாறுவது ரீபவுண்ட்தான், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி நீளும் வேகம். அதை அதிகமாக இறுக்கினால், தொடர் பள்ளத்தில் ஸ்பிரிங் நீளும் முன்பே அடுத்த அடி விழும். வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, ஷாக் முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் உட்காரும். ஷாக் கம்பியில் ஒரு கேபிள் டையைக் கட்டிவிடுங்கள். அது தள்ளப்பட்டு நிற்கும் இடம் எவ்வளவு அமுங்கியது என்று காட்டும். ரோட்டு செட்டிங்குக்கு என்னிடம் இன்னொரு மீட்டரும் உண்டு. பின் சீட்டில் அம்மா. 12 கிளிக்கில் "என்னடா, கட்டை வண்டி மாதிரி இருக்கு?" என்றார். 18-ல் தூங்கிவிட்டார்.

டிராக்கில் முதலில் காற்று. ரோட்டில் நான் 30 பிஎஸ்ஐ வைப்பேன். டிராக்கில் குளிர்ந்த டயரில் 27-ல் ஆரம்பித்தால் நாலு சுற்றில் சூடேறி 32, 33-க்கு வந்துவிடும். டயர் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அது எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். ஓரத்து முக்கோணக் குறியையும் தாண்டி அழிந்திருந்தால் ஒன்று காற்று குறைவு, அல்லது கேம்பர் போதவில்லை. வலப்பக்க வளைவுகளில் சுமை இடது முன் டயருக்குப் போகும், அதை முதலில் பாருங்கள். வளைவு நடுவில் மூக்கு வெளியே தள்ளினால் பின்பக்கத்தை இரண்டு கிளிக் இறுக்கிவிட்டு மூன்று சுற்று ஓட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது. ஒவ்வொரு செஷன் முடிந்ததும் வீல் நட்டின் இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் பாருங்கள்.

வெளியே வரும்முன் கேம்பர், டோ, கிளிக் மூன்றையும் ரோட்டுக் குறிக்குத் திருப்பிவிட்டு, முதல் பங்க்கில் காற்று ஏற்றிக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மரையில் ஒட்டிய சேற்றைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஆன்டி சீஸ் பூசுங்கள். ஒரு வருஷம் விட்டேன், காலர் பிடித்துக்கொண்டு, அதைத் திருப்பும் சி-ஸ்பானரின் பல் உடைந்தது.